பாதி வரியில் கத்தும் மிஷின்

லாண்டரியில் அவளுக்கு எல்லாரும் வைத்த பெயர் கதையக்கா. அழுக்குத் துணியைத் தரம் பிரிக்கிற அதே கையில் எந்நேரமும் ஒரு பேனாவும் இருக்கும் என்பதால் வந்த பெயர். கடையில் மூன்று பெரிய மிஷின்கள். துணியைத் திணித்துப் பொத்தானை அழுத்திவிட்டால், அது சுற்றி, அலசி, பிழிந்து முடிக்கிறவரை சும்மா நிற்க வேண்டியதுதான். மற்றவர்கள் அந்த நேரத்தில் போனை நோண்டுவார்கள், ஊர்வம்பு பேசுவார்கள். கதையக்கா துணி மடிக்கிற மேசையின் ஓரத்தில் நின்றபடியே நாவல் எழுதுவாள். மிஷின் 'கீ...' என்று கத்தியதும், வரி பாதியில் இருந்தாலும் பேனாவைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். ஓடாவிட்டால் துணி கசங்கிப்போகும். அப்புறம் ஓனரம்மாவிடம் யார் வாங்கிக் கட்டிக்கொள்வது?

"பாழாப்போன மிஷின்! நல்லா எழுதும்போதுதான் இதுக்கு மூக்குல வேர்க்கும்" என்று அவள் திட்டாத நாளில்லை. வீட்டுக்கு வந்தாலும் அதே பாட்டுதான். "தனியா ஒரு ரூமும் ஒரு மாசம் லீவும் கெடச்சா ஒரே மூச்சுல முடிச்சுடுவேன்."

சொல்லிச் சொல்லியே கேட்டது கிடைத்துவிட்டது. அவள் கணவர் பெயிண்டர். வீட்டின் பின்பக்கம் தட்டுமுட்டுச் சாமான் அடைந்து கிடந்த அறையைக் காலி செய்து, வெளிர்பச்சை அடித்து, ஜன்னலோரம் ஒரு மேசையும் போட்டு, "இந்தா, இனிமே சாக்குச் சொல்லாம எழுது" என்றார். ஓனரம்மாவும் பெரிய மனசு பண்ணி லீவு கொடுத்தாள். கதையக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

நாவலில் பாக்கி இருந்தது கடைசிப் பகுதி மட்டும்தான். அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு போன தங்கை, பல வருஷம் கழித்து அவன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். கதவைத் தட்ட வேண்டும்.

தட்டவில்லையே! முதல் நாள் கதையக்கா அழகாக ஒரு வரி எழுதினாள், முற்றுப்புள்ளி வைத்தாள், ரசித்துப் படித்தாள். அவ்வளவுதான், அதற்குமேல் கை ஓடவில்லை. மறுநாள் அந்த வரியை அடித்துவிட்டு வேறொரு வரி எழுதினாள். அதற்கும் முற்றுப்புள்ளி. வாரம் போனதே தவிர, தங்கை வாசலைவிட்டு நகரவில்லை.

வெளியே நடந்த கூத்து இன்னும் மோசம். கணவர் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தார். குக்கர் விசிலடித்தால் அதன் வாயைப் பொத்தாத குறை. கல்லூரிக்குப் போகிற மகள் தும்மலைக்கூட மூக்கைப் பிடித்து அடக்கினாள். அவர்கள் அடக்க அடக்க உள்ளே இவளுக்குக் காது நீண்டது. யார் எங்கே நடக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு, கொட்டக் கொட்ட விழித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"எவ்வளவு தூரம் வந்திருக்கு?" என்று கணவர் ஆசையாகக் கேட்டார்.

"ஓடுதுங்க" என்றாள். வாய் கூசாமல் பொய்.

பரணில் ஏற்கெனவே இரண்டு நாவல்கள் பாதியில் நின்றுபோய்த் தூசி தின்றுகொண்டிருந்தன. இதுவும் அங்கே ஏறிவிட்டால், இந்த ஜன்மத்தில் இனிப் பேனாவைத் தொடமாட்டோம் என்று அவளுக்குத் தெரியும்.

அப்போதுதான் ஓனரம்மாவின் போன் வந்தது. "அம்மாடி, ஓட்டல் துணி மலையா குவிஞ்சு கெடக்கு. இன்னிக்கு ஒரு நாள் வந்துட்டுப் போயேன்."

பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி ஓடினாள். மிஷினைச் சுற்றவிட்டாள். பழக்கதோஷம், கை தானாகக் காகிதத்தைத் தேடியது. 'அவள் கையை ஓங்கினாள். தட்டுவதற்கு முன்பே உள்ளேயிருந்து' என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே மிஷின் கத்தியது. திட்டிக்கொண்டே ஓடி ஈர விரிப்பை உதறினாள். உள்ளேயிருந்து என்ன? யார் குரல்? அண்ணனுடையதா, அண்ணியுடையதா? விரிப்பை மடிக்க மடிக்க அந்தப் பாதி வரி விடாமல் அரித்தது. திரும்பி வந்து எழுதினாள். அடுத்த கத்தல், அடுத்த ஓட்டம். சாயங்காலத்துக்குள் தங்கை வீட்டுக்குள் போய், தண்ணீர் குடித்து, அண்ணனோடு மறுபடி சண்டையும் போட்டுவிட்டாள்.

அடி அசடே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இத்தனை வருஷம் கெடுக்கிறது என்று நினைத்த மிஷின்தான் இவளை எழுத வைத்திருக்கிறது! முடிந்த வரி கதவைச் சாத்திவிடுகிறது. முடியாத வரிதான் திரும்பக் கூப்பிடுகிறது.

சரி, இதைக் கணவரிடம் எப்படிச் சொல்வது? தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் கொட்டினாள். பொய் சொன்னதையும் சேர்த்து.

அவர் முகம் சுண்டிப்போனது. "அப்ப பச்சை பிடிக்கலையா?"

"ஐயோ, பச்சைக்கு என்னங்க கொறைச்சல்? ரூம் தங்கமான ரூம். நிம்மதிதான் எனக்கு ஒத்துக்கல."

அவர் எழுந்து போய்விட்டார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலை மனசில்லாமல் அறையில் உட்கார்ந்து இரண்டு வரி எழுதியிருப்பாள். கதவு படாரென்று திறந்தது. கையில் பிரஷ்ஷோடு கணவர். "கீ...!"

"என்னங்க இது, வீடே அதிருது?"

"மிஷின் கத்துது. எழுந்துபோய் துணி காயப்போடு."

"இந்த ஒரு வரியை மட்டும்..."

"அந்தக் கதையே வேண்டாம். எழுந்திரு!"

அவள் சிரித்துக்கொண்டே ஓடினாள். அன்றிலிருந்து அவர் வீட்டிலிருந்தால் அவர் கத்துவார், இல்லாவிட்டால் மகள் கத்துவாள். மகளுக்குச் சொல்லவா வேண்டும், அடுத்த வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கிற குரல்.

லீவு முடியப்போகிற சமயத்தில் ஒரு நாள் கணவர் வழக்கம்போலக் கத்தினார். அவள் எழவில்லை. மறுபடி கத்தினார். நிமிர்ந்து பார்த்தவள் கண்ணில் நீர் நின்றது.

"முடிஞ்சிடுச்சுங்க. முழுசா முடிச்சுட்டேன்."

அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் கேட்டார், கொஞ்சம் பயந்த குரலில். "அப்ப நாளையிலேர்ந்து நான் கத்த வேண்டாமா?"

அவள் அவரையே பார்த்தாள். புதுத்தாள் ஒன்றை எடுத்து, 'கதவைத் தள்ளிக்கொண்டு பிரஷ்ஷோடு வந்தவர்' என்று எழுதினாள்.

"இப்பக் கத்துங்க" என்றாள்.