உறைப்புக் குறையாது

வீதியிலை பொரிச்சு விக்கிற தொழிலிலை சட்டிச் சூட்டைவிட ஆக்களின்ரை வாய்ச் சூடுதான் கூட. எண்ணெய்க்குப் பக்கத்திலை நிண்டு பிழைச்ச உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

தொண்ணூறுகளிலை பலேர்மோவிலை, காலமை ஒரு வெள்ளைக்காரச் சிஞ்ஞோரா அம்மா வீட்டிலை கூட்டித் துடைச்சுப்போட்டு, பின்னேரம் வுச்சீரியா சந்தையிலை கானா நாட்டு அபேனா அக்காவோடை நிப்பன். ஒரு மூலை, ஒரு மேசை, ஒரு சட்டி. எதிரிலை பனெல்லே, அதுதான் கடலைமாப் பொரியல், விக்கிற சால்வோ முதல் கிழமையே சொல்லிப்போட்டான்: "உங்கடை மணம் என்ரை யாவாரத்தைக் கெடுக்குது. அங்காலை ரயில் ஸ்தாசியோனே பக்கம் போங்கோ, இல்லாட்டி எழுப்பிப்போடுவன்."

கறுத்த பழம்

மேசைக்குக் கீழை ஒரு பெட்டி வாழைப்பழம், தோல் கன்னங்கரேலெண்டு. எங்கடை ஊரிலை பொரிக்கிறதெண்டால் பச்சை வாழைக்காய்தானே! அழுகிப்போச்செண்டு முழுவதையும் குப்பையிலை கொட்டிப்போட்டு, பெரிய கெட்டிக்காரி மாதிரிக் காய் வாங்கிவந்து சீவிப் பொரிச்சன். பழம் அப்பிடிக் கறுக்கவேணுமெண்டு அபேனா அக்கா நாட்கணக்காய்க் காத்திருந்தவவாம். இஞ்சியும் மிளகாயும் பிரட்டிப் பொரிக்க அந்த இனிப்புத்தான் வேணுமாம். என்ரை காயிலை ஒண்டை வாயிலை போட்டுப் பார்த்திட்டுச் சொன்னா: "கதவைப் பொரிச்சிருந்தாலும் இதைவிட ருசியாய் இருந்திருக்கும்."

கோட்டுக்காரர்

முதல் ஆபிரிக்கப் பெடியள்தான் வந்தவை. பிறகு இஞ்சத்தைய மாணவர், அவைக்குப் பிறகு கோட் போட்ட ஒருத்தர். ஒரு துண்டு கடிச்சார், கண்ணாலை தண்ணி ஓடினது. "இது மனிசர் தின்னுறதோ? பலேர்மோவிலை விக்கிறதெண்டால் உறைப்பைக் குறை!" எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. வீடு துடைக்க எங்கடை கை வேணும், அந்தக் கை பொரிச்சது மட்டும் கூடாதோ? அபேனா அக்கா அடுத்த பிரட்டலுக்கு இன்னொரு கரண்டி மிளகாய் அள்ளிப் போட்டா. கொஞ்ச நாளிலை அதே கோட், பெண்சாதியோடை வந்து நிக்குது: "இவவுக்கும் அண்டைக்கு எனக்குத் தந்த மாதிரித் தாங்கோ, குறைக்கவேண்டாம்."

சால்வோவின்ரை மேசை

அந்த மூலை போனால் எனக்குக் காலமையும் பின்னேரமும் துடைப்பம்தான். பயம் இல்லையெண்டு பொய் சொல்லமாட்டன். எண்டாலும் தினமும் அதே இடத்திலைதான் மேசை போட்டம்.

சால்வோவிட்டைப் பனெல்லே வாங்கின ஆக்கள் அதைக் கையிலை கொண்டுவந்து, பழத்தோடை நாங்கள் குடுக்கிற கறுத்த மிளகாய்ச் சம்பலைப் பூசித் தரச்சொல்லிக் கேக்கத் தொடங்கிச்சினம். போகப் போக, நடக்கப் பஞ்சிப்பட்டு, அவனிட்டைப் போறதையே விட்டிட்டினம். ஒருநாள் சால்வோ மூஞ்சையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான், எங்கடை மேசையைத் தன்ரை பக்கம் கொண்டுவரட்டாம், இடம் தாறானாம். அபேனா அக்கா சட்டியிலை இருந்து கண்ணை எடுக்கேல்லை. "நாங்கள் நிண்ட இடத்திலைதான் நிப்பம். உனக்குத் தேவையெண்டால் உன்ரை மேசையைத் தூக்கிக்கொண்டு வா."

எங்கடை மணம் கூடாதெண்டவன் பிறகு தன்ரை மேசையைத் தூக்கிவந்து, அந்த மணத்துக்கு நடுவிலை நிண்டுதான் யாவாரம் செய்தான், நாங்கள் ஒரு சாணும் அசையேல்லை.