கோப்பாய் வீட்டுக்கு நான் வைத்த கண்கள்

சுவிஸில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் கட்டில்களின் அருகே தரையில் ஒரு விரிப்புக் கிடக்கும். ‘கிளிங்கல்மட்டே’ என்பார்கள். கட்டிலை விட்டு இறங்குகிறவரின் கால் அதில் பட்டதும் என் மேலங்கிப் பையில் மணி அடிக்கும். அவர் விழுவதற்குள் நான் ஓடிப் போய்ப் பிடிக்க வேண்டும். பதினெட்டு வருடமாக ஓடுகிறேன். தொண்ணூறு வயதைத் தாண்டிய ஒரு அம்மா மட்டும் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, விரிப்பில் கால் படாமல் எட்டித் தாண்டி, யன்னலடியில் போய் நிற்பார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிழவர் என்னைப் பார்த்து, “நீ பொலிட்ஸை மாதிரி” என்றார், பொலிஸ் மாதிரியாம். மணி அடித்தவுடன் வந்து நிற்பதைப் பாராட்டுகிறார் என்று எண்ணி, “டாங்கே” என்று நன்றி சொன்னேன். கூட நின்ற தாதிகள் சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. மணி நல்லது, பார்த்துக்கொள்வது அன்பு என்று இந்த நாடு எனக்குச் சம்பளம் தந்து கற்பித்திருந்தது. அந்தப் படிப்போடுதான் கோப்பாயில் வீடு கட்டத் தொடங்கினேன்.

வீடு எனக்கல்ல, என் மகன் ஆரணனுக்கு. சுவிஸில் பிறந்து வளர்ந்தவன். இருபத்து நான்கு வயது. தகப்பன் இல்லாமல் நான் தனியே வளர்த்த ஒரே பிள்ளை. ஊர் பார்க்க மூன்று மாதம் போனவன், தோட்டங்களுக்குச் சூரிய மின்சாரத்தில் ஓடும் தண்ணீர்ப் பம்புகள் பூட்டும் ஒருவருடன் சுன்னாகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். “நான் இஞ்சையே இருக்கப்போறன் அம்மா” என்று போனில் சொன்னான். நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு விட்டு வந்த மண்ணுக்கு ஒரு பிள்ளை ஆசைப்பட்டுத் திரும்பிப் போகிறது. சந்தோஷம் என்று இங்குள்ள எல்லோரும் வாழ்த்தினார்கள். எனக்கு அன்றிலிருந்து நித்திரை குறைந்தது.

இடிந்து கிடந்த எங்கள் பழைய வீட்டின் வளவிலேயே புது வீட்டுக்கு அத்திவாரம் போட்டோம். இங்கே சாப்பாட்டு மேசையில் கட்டம் போட்ட தாளை விரித்து வரைபடம் கீறினேன். மற்றவர்கள் சாமியறை எங்கே, குசினி எங்கே என்று யோசிப்பார்கள். நான் சிவப்புப் பென்சிலால் கமராக்களுக்குப் புள்ளி வைத்தேன். கேற்றில் ஒன்று, விறாந்தையில் ஒன்று, றோட்டுப் பக்க மதிலின் இரண்டு மூலையிலும் ஒவ்வொன்று. கேற்றுக்கு, போனிலிருந்தே திறக்கக்கூடிய மின்பூட்டு. ஆள் அசைந்தால் எரியும் விளக்குகள். யன்னல்களைத் திறந்தால் சொல்லும் சென்சர். எல்லாம் என் போனுக்கு வந்து சேர வேண்டும். சுவர் பூசுவதற்கு முன்பே வயர் ஓடும் பைப்புகளைப் புதைத்துவிட வேண்டும், பிறகென்றால் சுவரைக் கொத்த வேண்டிவரும் என்று எங்கோ வாசித்திருந்ததால், ஒரு மாத விடுமுறை எடுத்துக்கொண்டு பூச்சு வேலைக்கு முன் ஊருக்குப் போனேன்.

வயரிங் செய்யும் ரூபன் என் தாளை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அக்கா, இது வீடோ வங்கியோ?”

“தம்பி, நீர் வயர் பைப்பைப் புதையும், கதையை விடும்.”

“புதைக்கிறன். ஆனா கரண்ட் போனால் உந்தக் கண்ணெல்லாம் குருடாப் போம் கண்டியளோ.”

அதற்கும் பற்றரி வாங்கினேன்.

ஏன் இவ்வளவு என்று கேட்பீர்கள். எனக்கொரு தம்பி இருந்தான். சேந்தன். அவனுக்கும் அப்போது இருபத்து நான்கு வயதுதான். இதே வளவு. அப்போது மதில் இல்லை, கிடுகு வேலியும் ஒரு படலையும்தான். ஒருநாள் விடியற்காலை படலையில் தட்டும் சத்தம் கேட்டது. பால் கொண்டு வருகிறவர் என்று நினைத்து நான்தான் போய்த் திறந்தேன். சீருடைக்காரர் நான்கு பேர் நின்றார்கள். ஐந்து நிமிட விசாரணை என்று சொல்லித் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அம்மா அவனுக்கு ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறிப்போனது. அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. நான் முகாம் முகாமாக அலைந்ததையோ, பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டதையோ இங்கே எழுதப்போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். வெளியில் நிற்பது யார் என்று பார்க்காமல் நான் படலையைத் திறந்தேன். முப்பது வருடமாக ஏதோ ஒரு கதவைத் திறக்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது. என் பிள்ளை இருக்கப்போகும் வீட்டில், திறப்பதற்கு முன் பார்க்க ஒரு கண் வேண்டும். அவனுக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிய வேண்டும்.

நான் வாங்கிய கமரா முகங்களை அடையாளம் காணும். வருகிறவர்களின் படத்தை முதலில் கொடுத்து வீட்டார், தெரிந்தவர் என்று பதிந்துவிட்டால், மற்றவர்கள் வரும்போது ‘தெரியாதவர்’ என்று எனக்குச் செய்தி வரும். பின் வளவுக்காரி பரிமளமக்காவைப் படம் எடுக்கக் கூப்பிட்டேன். நான் இல்லாத காலமெல்லாம் அந்த வளவைத் தன் வளவுபோலக் கூட்டிப் பெருக்கி வைத்திருந்தவர் அவர். வந்து சுவரோடு ஒட்டி, இரண்டு கையையும் தொங்கவிட்டு நேராக நின்றார்.

“சும்மா நில்லுங்கோ அக்கா, கொஞ்சம் சிரியுங்கோவன்.”

“சிரிக்கலாமே? அப்ப ஆமிக்காரர் வீட்டுக்கு வீடு குடும்பப் படம் எடுக்கேக்கை சிரிக்கக் கூடாதெண்டவங்கள். பேந்து வந்து படத்தையும் எங்களையும் மாறி மாறிப் பாத்து எண்ணுவங்கள். ஒரு தலை கூடினாலும் பிழை, குறைஞ்சாலும் பிழை. மறந்திட்டியே பிள்ளை?”

மறக்கவில்லை. ஆனால் அது வேறு, இது வேறு என்று சொன்னேன். “ஓம், இது நீயெல்லோ” என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் படமாகப் பதிந்தேன்.

எல்லாம் பூட்டி முடிந்து பரீட்சித்துப் பார்த்தபோதுதான் என் திட்டத்தின் அழகு தெரிந்தது. ஒரு நாள் முழுக்கக் கேற்றுக் கமராவில் விழுந்தது இரண்டு மாடும் மேசன்மாரும் மட்டும். கோப்பாயில் யார் கேற்றால் வருகிறார்கள்? கேற்றால் வருவது கலியாணம் சொல்ல வருகிறவர்களும் கடிதம் கொண்டு வருகிறவரும்தான். மற்ற எல்லோரும் பின் வேலியில் இருக்கும் பொட்டால், அந்தச் சின்ன இடைவெளியால், குனிந்து நுழைந்து, கிணற்றடியைத் தாண்டிக் குசினி வாசலுக்கு வருவார்கள். நானும் அதே பொட்டால் ஓடித் திரிந்தவள்தான். வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துப் பார்த்து, வீடென்றால் முன்பக்கம் என்று என் மூளையே மாறிவிட்டிருந்தது. பின் வேலியையும் மதிலாக்கிப் பொட்டை அடைப்போம் என்றேன். ஆரணன் மறித்துக்கொண்டு நின்றான்.

“பரிமளம் மாமி எப்பிடி வாறது?”

“கேற்றாலை வரட்டும்.”

“றோட்டைச் சுத்தி, மணி அடிச்சிட்டோ? அம்மா, அவ எங்கடை வீட்டுக்கு வாறா. விசா எடுக்க வரேல்லை.”

பொட்டு அப்படியே இருந்தது. பின்பக்கம் கமரா வேண்டாம் என்றும் சொன்னான். சரி என்றேன்.

சுவிஸுக்குத் திரும்பி வந்த இரண்டாம் கிழமை, ரூபனுக்குப் போன் எடுத்தேன். குசினி வாசலுக்கு மேலே இருக்கும் விளக்குக் கூட்டுக்குள், வெளியே தெரியாதபடி சின்னக் கமரா ஒன்று பூட்டச் சொன்னேன்.

“ஆரணன் தம்பிக்குத் தெரியாமலோ அக்கா?”

“நான் சொல்லுறன்.”

சொல்லவில்லை.

புது வீட்டுக் குடிபூரல் முடிந்தது. அதற்குப் பின் இரண்டு மாதம் எனக்கு நல்ல நித்திரை வந்தது. என் பிள்ளை பல் விளக்குவதைப் பார்த்தேன். தண்ணீர் அள்ளுவதை, படியில் இருந்து பரிமளமக்காவோடு கதைப்பதைப் பார்த்தேன். அவரும் நாள் தவறாமல் பொட்டால் வருவார். தன் கிணற்றுத் தண்ணீர் உப்புச் சவர் என்பதால் எங்கள் கிணற்றடியில்தான் குளிப்பார். அந்த நேரத்தில் நான் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். அதை ஒரு நாகரிகம் என்று நினைத்தேன்.

ஒரு பின்னேரம், எனக்கு இங்கே வேலையின் இடைவேளை. ஆரணனோடு கதைத்துக்கொண்டே வழக்கம்போலப் படத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பரிமளமக்கா தந்த இடியப்பத் தட்டைப் படியில் வைத்துவிட்டு, கிணற்றுக்கட்டில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தான். என் வாய் என்னைக் கேட்கவில்லை.

“இடியப்பத்தை எடு அப்பன், பூனை வாய் வைக்கப்போகுது.”

அவன் திரும்பிப் பூனையைப் பார்த்தான். பிறகு போனைப் பார்த்தான். எழுந்து வந்து விளக்குக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தான். அவன் முகம் என் கைக்குள் பெரிதாகியது. கோபத்தை எதிர்பார்த்தேன். ஏதோ நெருங்கிய உறவு செத்த செய்தி கேட்டவனைப்போல நின்றான். ஒரு கை மேலே வந்தது. திரை கறுத்தது.

“நான் ஒளிக்கிறதுக்கு ஒண்டுமில்லை அம்மா. நீங்கள்தான் ஒளிச்சனீங்கள்.”

“மாமாவைக் கொண்டு போனது உனக்குத் தெரியுந்தானே...”

“மாமான்ரை கதையைச் சொல்லி என்னைக் கட்டிப்போடாதேங்கோ. மாமி குளிக்கிற இடம் அது. அவவுக்கு நான் என்னெண்டு முகம் குடுக்கிறது?”

அவன் அவரிடம் மறைக்கவில்லை. மறுநாள் பரிமளமக்காவே எனக்குப் போன் எடுத்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். “ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் வேறை கிணத்தடிக்குப் போயிருப்பன் பிள்ளை” என்றார் மெதுவாக. நான் அழுதுகொண்டு படலையின் கதையைச் சொன்னேன். அவருக்குத் தெரியாத கதையா அது. கேட்டு முடித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

“நிக்கிறது ஆரெண்டு தெரிஞ்சிருந்தால், நீ அண்டைக்குத் திறவாமல் விட்டிருப்பியே?”

முப்பது வருடத்தில் ஒருவரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. நானும் கேட்டுப் பார்த்ததில்லை. திறந்திருப்பேன். திறக்காவிட்டால் உடைத்துக்கொண்டு வந்திருப்பார்கள். இவ்வளவு வயரையும் சுவருக்குள் புதைத்துப் பூசிய பிறகுதான் இது எனக்கு உறைக்கிறது. என்னைப்போல வெளியில் இருந்துகொண்டு ஊரில் வீடு கட்டுகிறவர்கள் யாராவது இதை வாசித்தால், பூச்சுக்கு முன்னம் கேட்க வேண்டிய கேள்வி எந்த வழிகாட்டியிலும் இல்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

ஆரணன் சுன்னாகத்தில் வேலையிடத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எல்லாக் கமராவையும் கழற்றச் சொல்லுகிறேன், வீட்டுக்குப் போ என்று கெஞ்சினேன். “கழட்டினதெண்டு நான் எப்பிடி நம்புறது?” என்றான். பிறகு, நான் அழுவது தாங்காமலோ என்னவோ, தானாக ஒரு ஒழுங்கு சொன்னான். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கேற்றடியில் நிற்பான். நான் பார்க்கலாம். அவ்வளவுதான்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு இங்கே என் குசினியில் போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைக்கிறேன். அங்கே பதினொன்றரை. சைக்கிள் வந்து நிற்கும். கமராவை நேரே பார்த்து அரை நிமிடம் நிற்பான். கொஞ்சம் கறுத்திருக்கிறான். மெலியவில்லை. ‘வீட்டார்’ என்று அவன் பெயருக்கு மேல் பச்சைக் கட்டம் விழும். கேற்றைத் திற என்று அவன் கேட்பதில்லை. திறக்கட்டோ என்று கேட்க எனக்கும் வாய் வருவதில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒழுங்கையால் பரிமளமக்கா வீட்டுக்குப் போவான். ஞாயிறு மதியம் அவனுக்கு அங்கேதான் சாப்பாடு. நான் போனை மூடுவதில்லை. கேற்றுக் கமராவின் சத்தத்தைக் கூட்டிவிட்டுக் காதோடு வைத்துக்கொண்டு நிற்பேன். காற்று இந்தப் பக்கம் அடித்தால், வீட்டுக்குப் பின்னால் கோப்பைகள் முட்டுவதும் அவர்கள் இரண்டு பேரும் எதற்கோ சிரிப்பதும் கேட்கும். என்ன கதை என்று விளங்காது. திரையில் பூட்டிய கேற்றும் வெறும் றோட்டும் மட்டும் இருக்கும். உள்ளே ஒருவருமில்லாத என் வீட்டின் வாசலில், யாரும் வந்து கதவு திறந்துவிடாத ஒரு ஆளாக நான் நின்றுகொண்டிருப்பேன்.