கழற விடாத கை

இதைக் கேட்டவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். முத்திருளன் கதை கட்டுகிற ஆள் இல்லை. பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தாலே டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போகிறவன். நடந்ததும் நடுராத்திரியில் இல்லை. சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிற பட்டப்பகலில், நாலு பக்கமும் தறி ஓடுகிற செல்லூர் சந்துக்குள். நம்புகிறவர்கள் நம்பலாம்.

அந்தச் சந்தின் கடைசியில் அவனுடைய கார் பட்டறை. பக்கத்திலேயே, ஒரு தகரத் தடுப்பு தாண்டி, மொக்கைச்சாமியின் வெல்டிங் பட்டறை. கேட், ஜன்னல் கம்பி என்று நாள் முழுக்கப் பொறி பறக்கும். பத்து வருஷமாக இரண்டு பேரும் ஒரே டீயைப் பங்கு போட்டுக் குடிக்கிறவர்கள்.

அன்று காலையில் பாண்டிமீனாவின் வெள்ளைக் கார் கயிறு கட்டி இழுத்து வரப்பட்டது. அவள் காளவாசலில் அந்தக் காரின் டிக்கியைத் திறந்து வைத்து மதியச் சாப்பாடு விற்கிறவள். வண்டி வாங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வாங்கியதிலிருந்தே இருமிக்கொண்டிருந்த இன்ஜின், அன்று சுத்தமாக நின்றுவிட்டது.

"அண்ணே, நாளைக்கு ஒரு காதுகுத்துக்கு சாப்பாடு ஒத்துக்கிட்டேன். இன்னைக்கே வேணும்ணே. இது இல்லாட்டி அம்புட்டுப் பானையவும் நான் தலையிலதான் தூக்கிட்டுப் போகணும்."

"இன்ஜெக்டர்தான் அடைச்சிருக்கு தங்கச்சி. ரெயிலக் கழட்டணும், நாலையும் மாத்தணும். சாயங்காலம் வந்து எடுத்துக்க. வண்டிய யாருகிட்ட வாங்குன?"

"மேலூர் சிவனாண்டி அண்ணன்கிட்ட. புரோக்கர்."

அவள் போய்விட்டாள். முத்திருளன் பானெட்டைத் தூக்கினான்.

கார் இன்ஜினின் மேல்பக்கத்தில் விரல் தடிமனுக்கு ஒரு குழாய் படுத்திருக்கும். பெட்ரோல் அதில் வந்து, அடியில் செருகியிருக்கும் நாலு இன்ஜெக்டர் வழியாக இன்ஜினுக்குள் இறங்கும். அந்தக் குழாயைத்தான் ரெயில் என்பார்கள். இரண்டே போல்ட். அதைக் கழற்றிவிட்டுத் தூக்கினால் நாலு இன்ஜெக்டரும் சேர்ந்து வந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை.

குழாய்க்குள் பெட்ரோல் அழுத்தத்தோடு நிற்கும் என்பதால், முதலில் பெட்ரோலைத் தள்ளுகிற பம்பின் ஃபியூஸைப் பிடுங்கினான். குழாயில் மிச்சமிருக்கிற பெட்ரோலும் தீரட்டும் என்று சாவியைத் திருப்பிப் பார்த்தான். இன்ஜின் கரகரவென்று சுற்றியது, பற்றவில்லை. பிரஷர் இறங்கியிருக்கும் என்று முடிவு செய்து பேட்டரி வயரையும் கழற்றிப் போட்டான். பெட்ரோல் வருகிற டியூபின் கிளிப் இறுகிப்போய் அசைய மறுத்தது. சனியன், டியூபோடு சேர்த்தே தூக்கிவிடலாம் என்று விட்டுவிட்டான்.

போல்ட் இரண்டும் வெண்ணெய் மாதிரி கழன்றன.

ரெயில் வரவில்லை.

ஆட்டினான். அசைத்தான். இன்ஜெக்டரைச் சுற்றி ரப்பர் வளையம் இருக்கும், சூட்டில் இறுகியிருக்கும் என்று துரு இளக்குகிற ஸ்பிரேயை அடித்துவிட்டு ஒரு பீடி நேரம் காத்திருந்தான். திரும்ப இழுத்தான். இந்தத் தடவை ஒரு நூல் அளவு மேலே வந்தது. 'அப்படி வா' என்று மூச்சுவிட்டான்.

டொக்.

பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்துகொண்டது.

வியர்வை கண்ணில் வழிந்தது. ஸ்க்ரூ டிரைவரை அடியில் கொடுத்து நெம்பினான். மேலே வந்தது... டொக். இடது பக்கம் நெம்பினால் வலது பக்கம் இறங்கியது. வலது பக்கம் நெம்பினால் இடது பக்கம் இறங்கியது. வாயில் வந்த கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் அந்தக் காருக்கும், அதைச் செய்த கம்பெனிக்கும், விற்ற புரோக்கருக்கும் சமமாகப் பங்கு வைத்தான். தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து மொக்கைச்சாமி குரல் கொடுத்தார்.

"என்ன மாப்ள, காலையில இருந்து ஒரே அர்ச்சனையா இருக்கு?"

"ரெண்டு போல்ட்டு வேலைண்ணே. உசுர வாங்குது!"

அவர் சிரித்துக்கொண்டே முகமூடியை இறக்கிக்கொண்டு வெல்டிங்கைத் தொடர்ந்தார். பொறிகள் தகரத்துக்கு அடியில் இருந்த இடைவெளி வழியாகச் சிதறி வந்து காரின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் அணைந்தன. எப்போதும் வருகிற பொறிதான். முத்திருளன் அதைக் கவனிக்கவே இல்லை.

எரிச்சலில் அவன் கவனிக்காத விஷயம் இன்னொன்றும் இருந்தது. ஸ்பேனரை வலது பக்கம்தான் வைப்பான். அன்று ஒவ்வொரு தடவையும் அது இடது பக்கத்தில் கிடந்தது. ஒரு தடவை கீழே தரையில். ஒரு தடவை, மூடியிருந்த டூல் பெட்டிக்குள்.

மதியச் சாப்பாட்டுக்குத் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. சந்து முழுக்க அமைதி. வெல்டிங் சீறுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அதுவும் கொஞ்சம் நின்ற ஒரு நொடியில்... இன்னொரு சத்தம்.

டிக்... டிக்... டிக்...

இன்ஜெக்டர் அடிக்கிற சத்தம். இன்ஜின் ஓடும்போது மட்டும் கேட்கிற சத்தம். பேட்டரி வயர் கழன்று தொங்குகிறது. பிறகு எப்படி?

குனிந்து காதை வைத்தான். நின்றுவிட்டது.

வெயில் மண்டையில் ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டான். சோறு தின்றால் சரியாகிவிடும். ஆனால் இந்த ரெயிலை விட்டுவிட்டுச் சோற்றில் கை வைக்க அவனுக்கு ரோஷம் விடவில்லை. மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்தான். உடைந்தால் உடையட்டும். புதுசு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

கடப்பாரை நுனியை ரெயிலுக்கு அடியில் செருகினான். அந்தப் பக்கம் வெல்டிங் மறுபடி சீறியது. பொறி பறந்தது.

முழு பலத்தையும் போட்டு அமுக்கினான்.

"இரு."

காதோரம். ஆம்பளைக் குரல்.

மொக்கைச்சாமி என்று நினைத்துத் திரும்பினான். யாரும் இல்லை. தடுப்புக்கு அப்பால் வெல்டிங் ஓடிக்கொண்டிருந்தது.

மறுபடி அமுக்கினான்.

அவன் மணிக்கட்டை ஏதோ பிடித்தது.

அந்த வெயிலில்... ஐஸ் மாதிரி.

கீழே பார்த்தான்.

ரெயிலுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஒரு பென்சில் நுழைகிற சந்துதான் இருக்கும். அந்தச் சந்துக்குள்ளிருந்து...

நாலு விரல்.

கரிக்கட்டை மாதிரி. நகம் இல்லை.

ரெயிலை அடியிலிருந்து இறுக்கிப் பிடித்திருந்தன. கீழே இழுத்துக்கொண்டிருந்தன.

கடப்பாரை கையிலிருந்து நழுவியது.   பின்னாலேயே நகர்ந்து சுவரில் மோதி உட்கார்ந்தான்.

வெல்டிங் நின்றது.

செருப்புச் சத்தம்... சரக்... சரக்...

மொக்கைச்சாமி முகமூடியை நெற்றிக்கு ஏற்றியபடி உள்ளே வந்தார்.

"என்ன மாப்ள, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

முத்திருளன் காரை நோக்கிக் கையை மட்டும் நீட்டினான். அவர் எட்டிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. ரெயில் மட்டும் இருந்தது.

"இதுக்குத்தானா இம்புட்டு அலப்பறை?"

இரண்டு விரலால் ரெயிலைப் பிடித்துத் தூக்கினார். பூ மாதிரி வந்தது.

அடுத்த நொடி, சீத்தென்று ஒரு பீச்சு. மூன்று இன்ஜெக்டர் ரெயிலோடு வர, நாலாவது மட்டும் கீழேயே நின்றுவிட்டது. திறந்த ஓட்டை வழியாகப் பெட்ரோல் அவர் முகம், சட்டை, தகரத் தடுப்பு எல்லாவற்றையும் நனைத்தது. கீழே வழிந்து தரையில் ஓடி, சற்றுமுன் பொறி வந்து விழுந்த அதே இடத்தில் தேங்கியது.

மொக்கைச்சாமி ரெயிலை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் தாவினார்.

"பிரஷர எறக்கலையா நீ?"

"எறக்குனேண்ணே... ஃபியூஸப் புடுங்குனேனே..."

மொக்கைச்சாமி வாளித் தண்ணீரில் முகத்தைக் கழுவினார்.

"நல்லவேளை மாப்ள. நீ மட்டும் வந்து நிப்பாட்டச் சொல்லாம இருந்திருந்தா, இந்நேரம் ரெண்டு பேரும் கரிக்கட்டைதான்."

"நான் எப்பண்ணே வந்தேன்?"

"இப்பத்தான். முகமூடிக்குள்ள எனக்கு ஒண்ணும் தெரியல. தோளப் புடிச்சு 'இரு'ன்ன. கை கூட ஜில்லுன்னு இருந்துச்சு, தண்ணில நனைச்சுட்டு வந்திருக்கேன்னு நெனச்சேன்."

முத்திருளன் தன் மணிக்கட்டைப் பார்த்தான். 

சாயங்காலம் வரைக்கும் அவன் காரைத் தொடவில்லை. பிறகு பாண்டிமீனாவின் காதுகுத்துச் சாப்பாடு நினைவுக்கு வந்தது. மொக்கைச்சாமியைப் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தான். பம்புக்குப் போகிற வயரைத் தேடிப் பிடித்தபோது விஷயம் தெரிந்தது. யாரோ ஃபியூஸ் பெட்டியைத் தொடாமல் சாவியிலிருந்து நேராக ஒரு வயரை இழுத்துக் கொடுத்திருந்தார்கள். ஃபியூஸைப் பிடுங்கினாலும் பம்பு ஓடும். அவன் சாவியைத் திருப்பியபோது பிரஷர் இறங்கவில்லை, ஏறியிருக்கிறது. பானெட்டின் உள்பக்கப் பெயின்ட்டை நகத்தால் சுரண்டினான். அடியில் புகைக்கரி.

வயரை ஒழுங்காக மாற்றினான். புது இன்ஜெக்டரோடு ரெயில் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. பாண்டிமீனா வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போன பிறகு, அவளிடம் வாங்கிய நம்பரில் சிவனாண்டிக்குப் போன் போட்டான்.

"அண்ணே, அந்த வெள்ளக் காரு... தீப்புடிச்ச வண்டியா?"



"வண்டிக்குப் பெருசா ஒண்ணும் ஆகலப்பா. வயருதான் கொஞ்சம் கருகுச்சு. ஒட்டுப் போட்டுச் சரி பண்ணிட்டோம்."

"ஆளுக்கு?"

"...தங்கப்பாண்டின்னு ஒரு மெக்கானிக்கு. நல்ல வேலக்காரன். அந்த ரெயிலத் தூக்கும்போது பீச்சிருச்சு. பக்கத்துல ஒருத்தன் வெல்டிங் வச்சுக்கிட்டு இருந்திருக்கான். ரெண்டு பேருமே பொழைக்கல."



"அதுக்கப்புறம் யாரும் கழட்டலையா?"

"கழட்டாம? இன்ஜெக்டர மாத்தி வித்துரலாம்னு மூணு மெக்கானிக்குட்ட விட்டுப் பாத்தேன். ஒருத்தனாலயும் முடியல. ரெயிலு ஜாமாயிருச்சு, வரமாட்டேங்குதுன்னு சொல்லி வைச்ச மாதிரி மூணு பேரும் திருப்பி விட்டாய்ங்க. வேலை தெரியாத பயலுக."

"அண்ணே... அந்த மூணு பேரும் இப்ப..."

"அவெய்ங்களுக்கு என்ன கேடு? பிள்ளகுட்டியோட நல்லாத்தான் இருக்காய்ங்க."