ஊறவைக்காத மூன்று உறைகள்

சேற்றில் கையை விட்டு ஐரிஸ் பூச்செடியின் கிழங்குகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அமலோற்பவத்தின் மகள். "மாமா, அம்மா போயிட்டாங்க. ஜல்தியா வாங்க." கையைச் சரியாகக்கூடக் கழுவாமல் திண்டிவனம் பஸ் ஏறினேன்.

எங்கள் நர்சரியில் நீர்ச்செடி வாங்கிய உங்கள் எல்லோருக்கும் என் கூட்டாளி அமலோற்பவத்தை, நம் அமலாவைத் தெரியும். விழுப்புரம் வெயிலில் ஐரிஸ் பூக்காது என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். தாமரை போலத் தொட்டியின் அடியில் வைத்து அழுகவிட்டவனும் நான்தான். அமலா தண்ணீருக்குள் செங்கல் அடுக்கிச் சட்டியை உயர்த்தினார். சேற்றுக்கு மேல் இரண்டு விரல் தண்ணீர்தான். "காலு நனைஞ்சா போதும்ணே, கழுத்து வரிக்கும் முங்கக் கூடாது" என்றார். மாசியில் நீலமாகப் பூத்தது. அன்று முழுக்க என்னைக் கேலி செய்தே தீர்த்தார்.

பொம்மையார்பாளையம் விடுதி ஒன்றுக்குச் சிமெண்ட் கிணற்று உறைகள் மூன்றை அடிப்பக்கம் பூசித் தொட்டியாக்கி, ஐரிஸ் நட்டுக் கொடுத்தோம். புதுச் சிமெண்டில் சுண்ணாம்பு இருக்கும். பல நாள் தண்ணீர் நிரப்பி நிரப்பிக் கொட்டிய பிறகே செடி வைக்க வேண்டும். பத்தே நாளில் இலைகள் மஞ்சளாகிவிட்டன. விடுதிக்காரர் கொதித்துப்போயிருந்தார். "உங்க போர்வெல் தண்ணிதான் உப்பு" என்று அவரிடம் சொல்ல நான் வாயெடுத்தேன். அமலா உறையின் உட்புறத்தைத் தடவி, விரலில் ஒட்டிய வெள்ளையைக் காட்டினார்.

"தண்ணி மேல தப்பு இல்லீங்க. உறைய ஊற வைக்காம அனுப்பிட்டேன். செடிய எடுத்துக்கினு போய்த் தேத்திக் குடுக்கிறேன்."

ஊறவைப்பது என் வேலை. அது அவருக்கும் தெரியும். திரும்பும் வழியில், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"செடி செத்துக்கினு கீது. யாரு தப்புன்னு பேசிக்கினு நிக்கவா சொல்ற? உனுக்குத் தோணும்போது நீயே சொல்லுண்ணே."

செடிகள் தேறின, பூத்தன. நான் மட்டும் சொல்லவில்லை. "அமலாவே ஒருமுறை கோட்டை விட்டவங்கதான்" என்று நீங்கள் கிண்டல் செய்யும்போது அவர் சிரிப்பார். கூடவே நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அடக்கத்துக்கு விடுதிக்காரரும் வந்திருந்தார். "ஒரே ஒரு தப்பு பண்ணாங்க, அதையும் மறைக்காம சொன்னாங்க" என்றார் கண்கலங்கி.

"அவங்க பண்ணலீங்க. உறைய ஊற வைக்காதது நான்" என்றேன்.

உங்கள் எல்லோருக்கும் இப்போது சொல்லிவிட்டேன். நர்சரி நடக்கும், ஐரிஸ் பூக்கும், செங்கல் அளவு என் கைக்கு வந்துவிட்டது. அமலாவிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொள்வது அந்தத் தவறைத்தான். அவர் அதைச் சுமந்தது போதும்.