கதவு சொன்ன கணக்கு

அலமாரி பொருத்தும் அவருக்கு ‘ரசமட்டம்’ என்றே பட்டப்பெயர். சமன் பார்க்கும் ரசமட்டக் கருவியின் குமிழி நடுவில் நிற்கும்வரை யார் வீட்டிலும் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். ஒயின் அலமாரி என்றால் முதலில் பாட்டில்களை அடுக்கச் சொல்வார். மரத்தரை பாரத்தில் அழுந்திய பிறகே அலமாரியின் கால்களைத் திருகிச் சமன் பார்ப்பார்.

"குடிக்கறதுக்கு இல்ல, சும்மா சேர்த்து வைக்கத்தான்" என்று மனைவி காதில் விழும்படி சொல்லிக்கொண்டே ஒரு வீட்டுக்காரர் பாட்டில்களை அடுக்கினார். கதவுகள் இரண்டும் ஒட்டிப்பிறந்தவை போல மூடின.

மூன்றே வாரத்தில் அந்த வீட்டுக்காரரே கூப்பிட்டுக் கத்தினார். "என்னய்யா வேலை இது? ஒரு கதவு மேல, ஒரு கதவு கீழ!"

ரசமட்டம் திறந்து பார்த்தார். வலப்பக்கம் முழுக்கக் காலி.

"என் வேலைல தப்பில்லைங்க. பாரம் குறைஞ்சதுல தரை எழும்பியிருக்கு."

ஸ்பேனரை எடுக்கப்போனவரை வீட்டுக்காரரின் மனைவி தடுத்தாள்.

"தொடாதீங்கண்ணே. இனிமே தினம் நான் கதவைப் பார்த்துக்கறேன்."