பக்கவாத்தியக்காரியின் டி மேஜர்

திருப்பதி, சித்தூர் வட்டாரத்தில் எங்கே கச்சேரி, நாட்டிய அரங்கேற்றம் என்றாலும் வயலினுக்கு என்னைக் கூப்பிடுவார்கள். பாடுகிறவர் நடுவில் உட்காருவார், நான் ஓரத்தில். அவர் வாயைப் பார்த்துக்கொண்டே பின்னால் போக வேண்டும். அவர் தப்பாகப் பாடினால் அதே தப்பை வாசிப்பதுதான் மரியாதை. அந்த மரியாதையில் எனக்குப் பாதி ஆயுசு போய்விட்டது.

போன வருடம் சித்தூரில் ஞாயிறுதோறும் கூடி மேற்கத்திய இசை வாசிக்கும் ஒரு குழுவிலிருந்து அழைப்பு வந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்து ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஓர் இன்ஜினியர் அதை நடத்துகிறார். ஒரு வயலின் கான்செர்ட்டோவின் கடைசிப் பகுதியை மேடையேற்ற இருந்தார்கள். பெரிய வித்தைக்காரர்களுக்கானது இல்லை, மாணவர்கள் வாசிக்கிற எளிய உருப்படிதான். முன்னணி வயலின் வாசித்த பெண்ணுக்கு வேலை மாற்றலாகிவிட்டது. அந்த இடத்துக்கு நான் வர முடியுமா என்று கேட்டார்.

கான்செர்ட்டோ என்றால் வயலின்தான் நடுவில் நிற்கும். மற்ற எல்லோரும் அதற்குப் பக்கவாத்தியம். இதைக் கேட்டதும் எனக்கு வந்த ஆசை கொஞ்சநஞ்சமில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் முன்னால் போக வேண்டும். ஒத்திகையில் சரியாக வரவில்லையென்றால் அந்த உருப்படியையே எடுத்துவிடுவோம் என்றும் இன்ஜினியர் சொல்லிவிட்டார்.

அவர் அனுப்பிய இசைத் தாளின் தலையில் ‘அலெக்ரோ’ என்று இருந்தது. துரித நடை, குதூகலம். டி மேஜர். நம் கணக்கில் இரண்டு கட்டை சங்கராபரணம். மியூசிக் காலேஜில் மேற்கத்திய நோட்டேஷன் படிக்கக் கற்றிருந்தேன். பூ, இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

நகரியில் எங்கள் வீட்டை ஒட்டியே தறிக் கொட்டகை. அந்தச் சத்தத்தில் போனில் சுருதிப் பெட்டியை அலற வைத்துக்கொண்டுதான் சாதகம் செய்வேன். சுருதி மாதா, லயம் பிதா. சுருதி இல்லாமல் வில்லைத் தொட்டதே கிடையாது. இரண்டாம் பக்கத்தில் ‘ஷார்ப்’ குறி போட்டு மத்யமம் திடீரென்று ஏறிக்கொண்டது. சங்கராபரணத்துக்கு நடுவில் கல்யாணிக்கு என்ன வேலை? சுருதியோடு சேர்த்துக் கேட்டால் காது கூசியது. அச்சடித்தவன் தூங்கி வழிந்திருப்பான் என்று முடிவு செய்து, அந்த இடங்களையெல்லாம் பென்சிலால் திருத்தினேன்.

முதல் ஒத்திகையில் அந்த இடம் வந்தது. அவர்கள் ஒரு பக்கம் போக, நான் ஒரு பக்கம் போக, கூடம் முழுக்க நாராசம். இன்ஜினியர் என் தாளை எட்டிப் பார்த்தார்.

“மேடம், இங்க இருந்த ஷார்ப் எல்லாம் எங்க போச்சு?”

“பிரிண்டிங் மிஸ்டேக் சார். நான் திருத்திட்டேன்.”

செல்லோ வாசிக்கும் சித்தூர் லெக்சரர் இருமுவதுபோல் சிரித்தார்.

“அது மிஸ்டேக் இல்ல மேடம். அந்த இடத்துல கீ மாறுது. ஏ மேஜருக்குப் போயிட்டு, திரும்ப டிக்கு வரும்” என்றார் இன்ஜினியர்.

ஷட்ஜமே இடம் மாறுமா? அவமானத்தில் மூஞ்சி எரிந்தது. அடுத்த ஞாயிறு வரை பார்க்கலாம் என்று அவர் சொன்னது இன்னும் எரிந்தது.

வீட்டில் மறுபடி அதே பக்கம், அதே நாராசம். தறியை நிறுத்திவிட்டு வீட்டுக்காரர் சாப்பிட வந்தார்.

“அந்தப் பொட்டி ஒருபக்கம் கூவிக்கினு கீது, நீ ஒருபக்கம் வாசிச்சிக்கினு கீற. ரெண்டுத்துக்கும் ஒத்தே வரலியே. அத்த ஆஃப் பண்ணிட்டுத்தான் வாசியேன்.”

“சுருதிய ஆஃப் பண்ணணுமா? இன்னா பேச்சு பேசற நீ?” என்று எரிந்து விழுந்தேன்.

அவர் சாப்பிட்டுப் போன பிறகு, யாருக்கும் தெரியாமல் ஆஃப் செய்தேன். அச்சிட்டபடியே வாசித்தேன். கல்யாணியைக் காணோம். பஞ்சமத்தை ஷட்ஜமாக வைத்துக்கொண்டு அதே சங்கராபரணம் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது. பெரிய வித்வான்கள் ஆலாபனையில் நொடி நேரம் ஷட்ஜத்தை இடம் மாற்றிக் காட்டும் கிரக பேதத்தை இவர்கள் ஒரு பக்கம் முழுக்க எழுதி வைத்திருக்கிறார்கள். பிறகு மெல்ல டிக்குத் திரும்பினார்கள். வெளியூர் போய்விட்டு வரும்போது பஸ் ஜன்னலில் நகரி மலை தெரிகிற சந்தோஷம் அது. அழுதுவிட்டேன்.

அடுத்த ஞாயிறு கீ சரியாக வந்தது. வேகம்தான் வரவில்லை. பழக்கதோஷத்தில் ஒவ்வொரு அடியிலும் அவர்கள் வாசிப்பது காதில் விழட்டும் என்று நான் காத்திருந்தேன். அவர்கள் எனக்காகக் காத்திருந்தார்கள். அலெக்ரோ தேய்ந்து தாலாட்டாகிவிட்டது. செல்லோக்காரர் வில்லைக் கீழே வைத்தார்.

“மீரு முந்து வெள்ளண்டி மேடம், மேமு ஒஸ்தாம்.”

நீங்கள் முன்னால் போங்கள், நாங்கள் வருகிறோம் என்கிறார். என்னிடம் இதுவரை யாரும் சொல்லாத வார்த்தை. கோபமா சந்தோஷமா தெரியவில்லை. “அப்ப வாங்க” என்று ஆரம்பித்தேன். வீட்டில் தறி ஓடுகிற வேகத்தில் கை ஓடியது. எனக்குத் தெரிந்த அலெக்ரோ அதுதான். மூச்சு வாங்கிக்கொண்டு எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். உருப்படி நிகழ்ச்சியில் இருக்கும் என்றார் இன்ஜினியர்.

சித்தூரில் அந்தச் சாயங்காலம் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவில் நின்றேன். முடிவுக்குச் சற்று முன்னால் ஓர் இடத்தில் எல்லா வாத்தியமும் நின்றுவிடும். வயலின் மட்டும் தனியாக, இஷ்டம் போல வாசிக்கலாம். நான் தலையசைத்த பிறகுதான் மற்றவர்கள் நுழைய வேண்டும்.

அந்த இடம் வந்தது. தாளம் காட்டிக்கொண்டிருந்த இன்ஜினியரின் கைகள் அந்தரத்தில் நின்றன. செல்லோக்காரரின் வில் தந்தி மேல் தயாராக இருந்தது. அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒத்திகையில் நான் அவசரமாக முடித்துவிடுவேன். அன்றைக்கு ஒரு சுற்று வாசித்தேன், அது போதாமல் இன்னொரு சுற்று நிதானமாக மேலே ஏறினேன். உச்சியில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

காத்திருக்கட்டும் என்று நினைத்தேன். எனக்கு எப்போது தோன்றியதோ அப்போதுதான் தலையசைத்தேன்.