கிள்ளானில் ஆளே இல்லையா?

என் அலமாரியின் மேல்தட்டில் ஒரு கைலி இருக்கிறது. பச்சையும் கறுப்பும் கட்டம் போட்டது. குடைப் படம் போட்ட லேபிளைக்கூட இன்னும் யாரும் பிய்க்கவில்லை. அப்பாவுக்காக என்னிடம் கொடுத்தனுப்பிய கைலி அது. கொடுத்தவர் என் பழைய முதலாளி. இங்கே முதலாளி என்று எழுதுகிறேனே தவிர, அலுவலகத்தில் நாங்கள் ஐந்து பேரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டோம். கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிற கம்பெனிக்கும் கைலிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இதில் யார் பக்கம் நியாயம் என்று எனக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை. தீர்ப்பை எதிர்பார்த்துப் படிக்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் ஒரு பூமாலைக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் எங்கள் அலுவலகம். மாடிப்படி ஏறும்போதே மல்லிகை வாசமும் கீழே ஓடும் ஜெனரேட்டரின் டீசல் நாற்றமும் சேர்ந்து வரும். அக்காவின் அத்தா, அதாவது அப்பா, மஸ்ஜித் இந்தியா தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். அந்தக் கடைதான் எங்கள் விளையாட்டு. ஆடுகிறவர் கடைக்காரர். வாடிக்கையாளர் வருவார், அதைக் காட்டு இதைக் காட்டு என்பார், பத்துப் புடவையைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு ஒன்றும் வாங்காமல் போய்விடுவார். பிரித்ததையெல்லாம் மடித்து வைக்க வேண்டும். உண்மையில் மடிப்பதுதான் ஆட்டமே. இதை யார் ஆடுவார்கள் என்று சேர்ந்த புதிதில் நான் உள்ளூரச் சிரித்தேன். ஆடினார்கள். எங்கெங்கோ குளிர் நாடுகளில் இருந்தவர்கள், கைலியை வாழ்நாளில் பார்த்திராதவர்கள், மடித்தால் மனசு அடங்குகிறது என்று எழுதினார்கள். அப்படி எழுதுகிறவர்களுக்குப் பதில் எழுதுவதுதான் என் வேலை.

இந்த விளையாட்டுகளை இப்போது யாரும் குறுந்தட்டில் போட்டு விற்பதில்லை. இணையத்தில் சில பெரிய கடைகள் இருக்கின்றன. அந்தக் கடையின் செயலியைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு அதன் வழியாகத்தான் வாங்க வேண்டும், ஆட வேண்டும். வாங்கியவை எல்லாம் அங்கேயே இருக்கும், கூட்டாளிகளும் அங்கேயே இருப்பார்கள். நாங்கள் முதலில் ஒரு கடையில் பக்கம் திறந்து, அரைகுறையாக இருந்த ஆட்டத்தை இலவசமாக ஆடிப் பார்க்கக் கொடுத்தோம். இரண்டு வருடம் அந்தப் பக்கத்துக்கு வந்து தப்பெல்லாம் எடுத்துச் சொன்னவர்கள் உண்டு. இங்கே சாலாக் செலாத்தானில் இருந்து ஒரு தாதி, ஆஸ்பத்திரி நர்ஸ், எழுதுவார். ஆஸ்திரேலியாவில் இருக்கும் தங்கையும் அவரும் ஒரே கல்லாவில் ஆளுக்கொரு பக்கம் நின்று ஆடுவார்களாம். வேட்டியின் கரை மடிப்பில் தப்பாக விழுகிறது என்று ஒருமுறை படம் வரைந்தே அனுப்பினார். முழு ஆட்டமும் இதே கடையில்தான் வரும், நீங்கள்தான் முதல் வாடிக்கையாளர்கள் என்று அக்கா சொல்ல, என் கையால் நான் எழுதியிருந்தேன்.

பிறகு இன்னொரு கடையில் இருந்து ஆள் வந்தார்கள். ஒரு வருடம் எங்களிடம் மட்டும் விற்க வேண்டும், விற்றாலும் விற்காவிட்டாலும் ஒரு தொகை தந்துவிடுகிறோம் என்றார்கள். அந்தத் தொகை இல்லையென்றால் ஆட்டம் முடிவதற்குள் அலுவலகம் மூடிவிடும். இது எங்கள் எல்லோருக்குமே தெரியும். கையெழுத்துப் போட்ட மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அக்காவும் நானும் மட்டும் இருந்தோம். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அவராகவே பேசினார்.

"குடை மார்க் கைலி தெரியுமா? கேஎல் முழுக்க எங்க அத்தா கடையில மட்டும்தான் கெடைக்கும். ஏஜென்சி அத்தாகிட்ட மட்டும்தான். கிள்ளான், காஜாங், எங்கெங்கருந்தோ பஸ் ஏறி வருவாங்க. ஒருத்தர்கூட அத்தாவத் திட்டினதில்ல, தெரியுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் கிள்ளான்காரி. ரயில்வேயில் வேலை பார்த்த என் அப்பா வீட்டுக்கு வந்தால் குடை மார்க் கைலிதான் கட்டுவார், வேறு எதைக் கொடுத்தாலும் அரிக்கிறது என்பார். வருடத்துக்கு இரண்டு முறை அம்மா என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஏறுவார். பாசார் செனி பக்கம் இறங்கி, வெயிலில் மஸ்ஜித் இந்தியா வரைக்கும் நடை. கடைக்குள் அம்மா ஒரு வார்த்தை பேச மாட்டார். சிரித்துக்கொண்டே வாங்குவார். திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு ஆரம்பிப்பார்: "இவன் ஒருத்தன்தான் விக்கணும்னு யாரு எழுதி வச்சா? ஏன், கிள்ளான்ல ஆளே இல்லையா?" கிள்ளான் வந்து சேரும் வரைக்கும் அதே பாட்டுத்தான்.

இதை அக்காவிடம் அப்படியே நடித்துக் காட்டினேன். திட்டினார்கள் அக்கா, நன்றாகவே திட்டினார்கள், கடைக்குள் வைத்துத் திட்டவில்லை, அவ்வளவுதான் என்றேன். அவரும் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "பஸ்ஸுலயா?" என்று மட்டும் கேட்டார். பிறகு சாப்பிடவும் போகவில்லை. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அறிவிப்பை எழுதியதும் நான்தான். அன்றைக்கு முழுவதும் வந்த வசவுகளை இங்கே எழுத முடியாது. துரோகிகள் என்றார்கள், காசுக்கு விலைபோனவர்கள் என்றார்கள், அக்காவைப் பற்றி அசிங்கமாகவும் எழுதினார்கள். ஒரு செயலியைக் கூடுதலாக ஏற்றிக்கொள்வதில் என்ன வந்துவிட்டது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. சாலாக் செலாத்தான் தாதி மட்டும் திட்டவில்லை. தன்னுடையது பழைய லேப்டாப், இரண்டு கடையைத் தாங்காது, தங்கையும் கடை மாற மாட்டேன் என்கிறாள், இனி நாங்கள் எப்படிச் சேர்ந்து மடிப்பது என்று கேட்டிருந்தார். அதைப் படித்த பிறகு ஆத்திரம் போய்விட்டது. அதற்குப் பதிலாக எது வந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்துப் புதிதாக ஒருவர் வந்தார். பெயர் என்று வெறும் எண்கள்தான். ஆங்கிலத்தில் எழுதினார், ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. கேள்வி மட்டும் கேட்டார். "உங்கள் கடையில் துணியே இல்லாத காலத்தில் வந்தவர்கள் நாங்கள். இப்போது எங்களை வாசலில் நிறுத்திவிட்டு யாரை உள்ளே கூப்பிடுகிறீர்கள்?" கம்பெனி பிழைத்தால்தான் ஆட்டம் பிழைக்கும் என்று பதில் எழுதினேன். "நீங்கள் பிழைப்பது எனக்கும் சந்தோஷம்தான். அந்தச் செலவை என் தலையில் கட்டும்போது என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?" என்று வந்தது. வேறு விதமாக எழுதிப் பார்த்தேன். பஸ் ஏற வேண்டியதில்லை, நடக்க வேண்டியதில்லை, இணையத்தில் எல்லாக் கடையும் எல்லோருக்கும் ஒரே தூரம்தான் என்று எழுதி, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். "அப்படியானால் எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு தூரமாகத் தெரிகிறது?" என்று கேட்டுவிட்டார்.

எனக்கு வேலையே ஓடவில்லை. திட்டுகிறவனுக்குப் பதில் சொல்வது சுலபம். இந்த ஆள் கேட்பது ஒவ்வொன்றும் நான் கேட்க நினைத்ததாகவே இருந்தது. இவர் தலைவலியாக இருக்கிறார், பேச்சை இத்தோடு மூடிவிடட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். "மத்தத வேணும்னா அழிச்சிடு. அவருக்கு மட்டும் பதில் சொல்லு. ஒழுங்கா சொல்லு," என்றார் அக்கா, திரையில் இருந்து கண்ணை எடுக்காமல்.

மறு வாரம் ஒரே ஒரு வரி வந்தது. ஏன், கிள்ளானில் ஆளே இல்லையா என்று அப்படியே ஆங்கிலத்தில். கிள்ளான் என்றால் என்ன என்று வெளிநாட்டுக்காரர்கள் கீழே கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் நாற்காலியில் இருந்து எழுந்தேவிட்டேன். எனக்கு முதலில் சந்தேகம் வந்தது அம்மாவின் மேல்தான். அவ்வளவு குழம்பிப் போயிருந்தேன். மாடிப்படியில் நின்று அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, நீங்க கம்ப்யூட்டர்ல ஏதாச்சும் எழுதுனீங்களா?"

"கம்ப்யூட்டரா? அது மேல ஒங்கப்பா துண்டக் காயப் போட்டிருக்காருடி. ஏன், ஒடம்பு சரியில்லையா ஒனக்கு?"

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அந்த பஸ் கதையை நான் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தேன்.

உடனே கேட்கத் தைரியம் வரவில்லை. இரண்டு நாள் கழித்து, கீழே மாமாக் டீக்கடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். "அந்த நம்பர்காரர் நீங்கதானே அக்கா?"

"ஆமாலா," என்றார், சீனி குறைவாகப் போடச் சொன்னதுபோல.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கோபத்தில்தான். இரண்டு வாரமாக ஒவ்வொரு பதிலுக்கும் நான் எப்படி மண்டையை உடைத்துக்கொண்டேன். அதுவும் என் அம்மாவின் வார்த்தையை எடுத்து என் மேலேயே வீசியிருக்கிறார். என்னை வைத்து வேடிக்கை பார்த்தீர்களா என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, ரொட்டி போடுகிறவர் திரும்பிப் பார்த்தார்.

"வேடிக்கை இல்ல. எல்லாரும் அசிங்கமா திட்டுறாங்க, கேக்க வேண்டியத யாரும் கேக்கல. ஒங்கம்மா கேட்டது எங்க அத்தா காதுல விழவே இல்ல பாரு. விழுந்திருந்தா அவர் என்ன சொல்லியிருப்பாரு? எனக்குத் தெரியல. நீ என்ன சொல்றேன்னு பாக்கலாம்னுதான்."

"சரி, நான் சொன்ன பதில் எப்படி இருந்துச்சு?"

"ஒண்ணும் சரியில்ல." கிளாஸைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஆனா நானா இருந்தாலும் வேற என்னத்த எழுதியிருப்பேன்? கையெழுத்தும் போட்டாச்சு, சம்பளமும் குடுத்தாச்சு. நாளைக்கே மறுபடி வந்து கேட்டாங்கன்னா மறுபடியும் போடுவேன். அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

அதற்குப் பிறகு அந்த எண்காரர் எழுதவில்லை. நாங்களும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆட்டம் முடிந்தது, புதுக் கடையில் வந்தது. அந்தத் தொகை இல்லாமல் அது முடிந்தே இருக்காது என்பது சத்தியமான உண்மை. ஆனால் வெளியான அன்று அலுவலகத்தில் ஒரு விதமான அமைதி இருந்தது. திட்டக்கூட ஆள் இல்லை. ஒரு வருடம் கழிந்து பழைய கடையில் போட்டோம். பெயர் தெரிந்த பழைய ஆட்கள் வருகிறார்களா என்று நான் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாலாக் செலாத்தான் தாதிக்கு நானே தேடிப் போய் எழுதினேன். வாழ்த்துச் சொன்னார். தானும் தங்கையும் இப்போது வேறு ஏதோ ஆட்டத்தில் மீன் பிடிக்கிறோம், கை பழகிவிட்டது என்றார். அதில் ஒரு துளி கோபம் இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அன்று மாலை முதல் விமர்சனம் வந்தது. பெயர் இருந்த இடத்தில் அந்தப் பழைய எண்கள். "வாங்கிவிட்டேன். கோபம் போகவில்லை." எதிர் அறையில் அக்கா கணக்கப்பிள்ளையோடு ஏதோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது ஆட்டம் பாதியில் நின்றது, அலுவலகம் கலைந்தது. அக்கா சிங்கப்பூரில் ஒரு பெரிய கம்பெனிக்குப் போனார். அந்த ஒப்பந்தம் எங்களைக் காப்பாற்றியதா, இல்லை, அப்போதே கொன்று மெல்லப் புதைத்ததா என்று நாங்கள் ஐந்து பேரும் இன்றைக்குச் சந்தித்தாலும் சண்டை போடுவோம். கடைசி நாளில் அக்கா என்னிடம் ஒரு பையைக் கொடுத்தார். அத்தாவின் கடை மூடியபோது எடுத்து வைத்ததில் மிச்சம் இருந்த கைலி. "ஒங்கம்மா பஸ் ஏற வேண்டாம்னு சொல்லு," என்றார்.

அந்த வாரமே கிள்ளானுக்கு எடுத்துப் போனேன். அம்மா லேபிளைத் தடவிப் பார்த்தார். யார் கொடுத்தது என்று சொன்னதும், அந்தக் கடைக்காரர் மகளா என்று கேட்டார். "இப்ப இது எல்லா சூப்பர்மார்க்கெட்லயும் கெடைக்குதுடி. ஒங்கப்பாதான் கைலியே கட்டுறதில்ல. அந்த டிராக் சூட்லேயேதான் கெடக்காரு." அப்பா டிராக் சூட்டில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். கைலியை நான் திரும்ப எடுத்து வந்துவிட்டேன்.

இப்போது சுபாங் ஜெயாவில் வேறொரு கம்பெனியில் வேலை. போன வாரம் கூட்டத்தில், புது ஆட்டம் ஒரு வருடத்துக்கு ஒரே கடையில் மட்டும் வரும் என்றார்கள். இதில் அனுபவம் உள்ளவள் நீதானே, அறிவிப்பை நீயே எழுது என்றார்கள். எழுதினேன். அழகாகவே வந்தது, அதுதான் எரிச்சல். இன்று மாலை வீட்டுக்கு வந்து கைலியை இறக்கி, கட்டிலில் முழுவதும் பிரித்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அக்காவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். "அக்கா, அந்தக் கிள்ளான் கேள்விக்கு ஒங்களுக்குப் பதில் கெடச்சுதா?"

நான் கைலியை மடித்து முடிக்கும் முன்பே போன் ஒளிர்ந்தது.

"இல்லலா. ஒனக்கு?"

லேபிள் மேலே தெரியும்படி கைலியைத் திரும்ப மேல்தட்டில் வைத்தேன். அறிவிப்பை அனுப்ப நாளை காலை வரைக்கும் நேரம் இருக்கிறது.